முதல் மனை தண்ணீருக்கு

விவசாயப் பத்திரிகையில் வீட்டுமனைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இன்றைக்கு நாம் பார்க்கிற எந்த 'நகரும்', எந்த 'கார்டனும்' நேற்றுவரை யாரோ ஒருவரின் காடு கழனிதான். அதோடும் முடிவதில்லை. மனை போட்ட நிலத்துக்குக் கீழ்ப்புறம் இன்னமும் உழுதுகொண்டிருக்கிற ஒருவர் இருப்பார். மேலே கல் நட்டதுமே அவருடைய மழைக்காலமும் மாறும், கோடைக்காலமும் மாறும். ஐப்பசியில் வெள்ளம், சித்திரையில் வறண்ட கிணறு. நிலத்தை விற்றவருக்குப் பணம் வருகிறது, விற்காதவருக்குத் தொல்லை வருகிறது.

முப்பத்துச் சொச்சம் வருஷம் வங்கியில் இருந்துவிட்டு இப்போது விவசாயம் பார்க்கிற நானும் அப்படிப்பட்ட கீழ் நிலத்துக்காரன்தான். எங்கள் தோட்டத்துக்கு மேற்கே, மேட்டுப் பக்கம் இருக்கிற 7 ஏக்கர் மானாவாரி நிலம் மனைப்பிரிவாகப் போகிறது. நிலத்துக்குச் சொந்தக்காரர் எனக்குத் தம்பி முறை. பிள்ளைகள் வெளியூரில், உழ ஆள் இல்லை. விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் எப்படிப் போடப் போகிறாய் என்று கேட்கலாம் அல்லவா? அதற்காகப் படித்ததையும் போட்ட கணக்கையும்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏழு ஏக்கரில் எவ்வளவு தண்ணீர்?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். 7 ஏக்கர் என்பது ஏறத்தாழ 28,300 சதுர மீட்டர். ஒரு சாயங்காலம் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த நிலத்தில் மட்டும் 14 லட்சம் லிட்டர் விழுகிறது.

உழுது, வரப்பு போட்ட நிலமாக இருந்தால் அதில் கால் பங்கு வெளியே ஓடும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை லட்சம் லிட்டர். அதே நிலத்தில் கூரையும் சிமென்ட் ரோடும் டைல்ஸ் வாசலும் வந்துவிட்டால் 70 சதவீதம் ஓடிவரும். ஏறக்குறைய 10 லட்சம். மண்ணையும் சரிவையும் பொறுத்து இது கூடும், குறையும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. கூடுதலாக வருகிற ஆறரை லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் 54 லோடு. அத்தனையும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் என் வரப்பில் வந்து மோதும்.

இதில் இரட்டை நட்டம். மேல் நிலத்தில் இறங்கியிருந்தால் அந்தத் தண்ணீர் மெல்ல ஊறி, மாசி பங்குனியில் சுற்றியிருக்கிற கிணறுகளுக்கு வந்திருக்கும். வெள்ளமாக வந்தது ஊற்றாக வராது.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் வைத்தியம் சிமென்ட் கால்வாய். தண்ணீரை இன்னும் வேகமாக அடுத்தவன் தலையில் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் அதன் வேலை. நோய் இடம் மாறுகிறதே தவிர, தீர்வதில்லை.

டேவிஸ் ஊரில் செய்துகாட்டியது

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் டேவிஸ் என்று ஓர் ஊர். விவசாயப் படிப்புக்குப் பேர்போன பல்கலைக்கழகம் இருக்கிற இடம். அங்கே மைக்கேல் கார்பெட், ஜூடி கார்பெட் என்கிற தம்பதி 1975-ல் 'வில்லேஜ் ஹோம்ஸ்' என்ற குடியிருப்பைக் கட்டத் தொடங்கினார்கள். சுமார் 70 ஏக்கர், 220-க்கு மேல் வீடுகள். எண்பதுகளின் தொடக்கத்தில் வேலை முடிந்தது.

அவர்கள் மழைநீருக்கு மண்ணுக்கடியில் குழாய் புதைக்கவில்லை. வீடுகளுக்கு நடுவில் அகலமான, ஆழமில்லாத புல் வாய்க்கால்களை விட்டார்கள். கூரைத் தண்ணீரும் வாசல் தண்ணீரும் அதில் இறங்கும்படி மண்ணைச் சரித்தார்கள். வழியில் கல்லாலும் மரத்தாலும் சின்னச் சின்னத் தடுப்புகள். தண்ணீர் நின்று நின்று போகும், போகிற வழியிலேயே மண்ணுக்குள் இறங்கும். மிஞ்சியது மட்டும் ஊர்க் கால்வாய்க்குப் போகும். நம் ஊர் வாய்க்கால் வரப்பு வேலைதான், புதிதாக ஒன்றுமில்லை.

ஆனால் நகர நிர்வாகத்தின் பொறியாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. இது வேலை செய்யாது என்றார்கள். கடைசியில், திட்டம் தோற்றால் குழாய் பதிக்கிற செலவுக்கு ஈடாகப் பிணையம் கட்டச் சொல்லி அனுமதி கொடுத்தார்கள். வங்கியில் நாங்கள் 'பேங்க் கேரன்டி' கேட்பது மாதிரி. பெருமழைகள் வந்தன, வாய்க்கால்கள் தாங்கின. குழாய் புதைக்காததால் மனைக்கு 800 டாலர் அளவுக்கு மிச்சம் என்று கணக்கிட்டு, அந்தப் பணத்தை மரம் செடிகளுக்குச் செலவிட்டார்கள்.

நம்மைப்போன்ற விவசாயிகளுக்கு இதைவிடப் பிடித்தமான சேதி ஒன்று உண்டு. பொது இடத்தில் அவர்கள் வெறும் அழகுச் செடி வைக்கவில்லை. பாதாம், திராட்சை, அத்தி, மாதுளை, ஆப்ரிகாட் என்று வைத்தார்கள். பழங்களைக் குடியிருப்பவர்கள் பறித்துக்கொள்ளலாம். பாதாமை மட்டும் சங்கம் அறுவடை செய்து விற்றுப் பொதுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளும். காய்கறி போட விரும்புகிறவர்களுக்குப் பொதுத் தோட்டத்தில் பாத்தி. ரோடுகளை வழக்கத்தைவிடக் குறுகலாக விட்டார்கள். தார் குறைந்தது, நிழல் கூடியது.

வீடுகளைக் கிழக்கு மேற்காக நீளவாக்கில் அமைத்து, நீளமான பக்கத்தைத் தெற்குப் பார்க்க வைத்தார்கள். குளிர்கால வெயில் வீட்டுக்குள் வரவேண்டும் என்பதற்காக. நம் வெயிலுக்கும் அதே அமைப்புதான் நல்லது. உச்சி வெயிலைச் சின்னத் தாழ்வாரம் தடுத்துவிடும். சுவரைச் சுடவைப்பது காலையும் மாலையும் சாய்வாக வருகிற வெயில். அந்தப் பக்கத்துச் சுவர் சிறுத்து, மேற்கே ஒரு வேம்போ புங்கனோ நின்றால் மின்விசிறியிலேயே காலம் தள்ளலாம்.

கட்டி முடித்த இடத்திலும் முடியும்

'புதிதாகப் போடுகிற மனைக்குச் சரி, ஏற்கெனவே இருக்கிற குடியிருப்புக்கு?' என்று கேட்பவர்களுக்கு ஸ்வீடனில் மால்மோ நகரத்து அகஸ்டன்போர்க் பதில் சொல்லும். 1950 வாக்கில் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு அது. மழை பெய்தால் சாக்கடையும் மழைநீரும் ஒன்றாகித் தரைக்குக் கீழ் அறைகளில் ஏறிவிடும். 1998-லிருந்து அங்கே மழைநீரைச் சாக்கடையிலிருந்து பிரித்தார்கள். ஏறத்தாழ 6 கிலோமீட்டர் திறந்த வாய்க்கால், 10 குளங்கள், கூரைகளில் செடி. 2014 ஆகஸ்ட் 31-ல் மால்மோவில் சில மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்து, நகரத்தின் பல பகுதிகள் மூழ்கின. அகஸ்டன்போர்க்கில் சேதம் குறைவு.

நம் மழை வேறு

இதையெல்லாம் அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே நட முடியாது. டேவிஸ் ஊரில் ஒரு வருஷம் முழுவதும் பெய்கிற மழை ஏறத்தாழ 48 சென்டிமீட்டர்தான். 2015 டிசம்பர் 1-ல் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அவர்களுடைய ஒரு வருஷம் நமக்கு ஒரு நாள். அதனால் புல் வாய்க்கால் மட்டும் நமக்குப் போதாது. கடைசியில் பிடித்து நிறுத்த ஒரு பள்ளம் வேண்டும், அது நிரம்பினால் ஒழுங்காக வெளியேற ஒரு கலுங்கு வேண்டும். இதை நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஊரணியும் கண்மாயும் வெட்டி அதைச் சுற்றி ஊரை வைத்தவர்கள் நம் ஆட்கள்.

தம்பியின் 7 ஏக்கருக்கு நான் போட்ட கணக்கு இது. கூடுதலாக ஓடிவரும் ஆறரை லட்சம் லிட்டரைப் பிடிக்க 650 கனமீட்டர் இடம் வேண்டும். ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 11 சென்ட் பரப்பு. கரைச் சரிவோடு சேர்த்து 15 சென்ட் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் உடனே கேட்டார்: "அண்ணே, 15 சென்ட் போச்சுன்னா ரெண்டு மூணு மனை எனக்கு நட்டமில்லையா?"

நான் சொன்னேன்: "ஒரு சென்ட்கூட நட்டமில்லப்பா. எப்படியும் ஓ.எஸ்.ஆர்.னு நெலம் எழுதிக் கொடுக்கத்தானே போற? அதை மூலையில குடுக்காம பள்ளத்துல குடு."

பெரிய மனைப்பிரிவுகளில் ரோடு போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது நம் மாநில விதி. 7 ஏக்கரில் ரோட்டுக்கு 2 ஏக்கர் போனாலும் 50 சென்ட் வரும். அந்த 50 சென்ட்டை எங்கே காட்டுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வழக்கமாக எதற்கும் உதவாத ஒரு கோணல் மூலையில் காட்டுவார்கள். நாலு வருஷத்தில் சீமைக்கருவேலம் மண்டிவிடும். அதையே நிலத்தின் தாழ்ந்த இடத்தில் காட்டினால், 15 சென்ட்டில் ஊரணி, மீதியில் மரமும் பிள்ளைகள் விளையாட இடமும் என்று திட்டம் போடலாம். வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்துகிற செலவுதான். ஆனால் மனை நம்பர் போடுவதற்கு முன்னால் நகர்த்த வேண்டும். அதனால்தான் முதல் மனை தண்ணீருக்கு என்கிறேன்.

மற்றவை இரண்டாவது கட்டம். ரோட்டு அகலம் விதிப்படி இருக்கட்டும், ஆனால் அகலம் முழுக்க சிமென்ட் கொட்ட வேண்டாம். வண்டி போகிற அளவுக்கு நடுவில் போட்டுவிட்டு, இரு ஓரமும் புல் வாய்க்கால். ஐம்பது அறுபது அடிக்கு ஒரு கல் தடுப்பு. செம்மண் என்றால் தண்ணீர் சீக்கிரம் இறங்கும், கரிசல் என்றால் வாய்க்காலை இன்னும் அகலமாக விடவேண்டும். ஊரணிக் கரையில் நீர்மருது, நாவல், புங்கன், இலுப்பை. தெரு ஓரத்தில் வேம்பு, பூவரசு, மகிழம். பின் வாசலில் குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்குக் கல்வாழைப் பாத்தி, அதைத் தாண்டி ரெண்டு வாழை. கழிப்பறைத் தண்ணீர் மட்டும் தனி. அது எந்தக் காரணத்துக்காகவும் மழைநீர் வாய்க்காலுக்கு வரக்கூடாது. வந்தால் ஊரணி ஒரே வருஷத்தில் சாக்கடைக் குட்டை.

மறுப்பும் பதிலும்

மனைப்பிரிவு வரைகிற இளம் பொறியாளர் நல்ல பையன். மூன்று மறுப்பு சொன்னார். "கொசு வரும் சார்" என்றார். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம்போல ஆகும். புல் வாய்க்காலில் தண்ணீர் இரண்டு மூன்று நாளில் வடியும்படி சரிவு வைத்தால் போதும். ஊரணியில் மீன் விட்டால் புழுவைத் தின்றுவிடும். மூடி போட்ட சிமென்ட் சாக்கடையில்தான் கொசு நிம்மதியாகப் பெருகுகிறது. "பிள்ளைகள் விழுந்துவிடும்" என்றார். செங்குத்தாக வெட்டினால்தான் ஆபத்து. படிப்படியான சரிவும் சுற்றி உயிர்வேலியும் வைக்கலாம். மூன்றாவது, "வாங்குறவங்க இதை விரும்ப மாட்டாங்க."

இதற்கு மட்டும் வங்கிக்காரனாகப் பதில் சொன்னேன். அடமானத்துக்கு வந்த வீடுகளைப் பார்க்கப் போன அனுபவத்தில், மழைக்குத் தண்ணீர் நிற்கிற தெருவில் வீடு வைத்திருந்தவர்கள் விற்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். பத்திரம் சுத்தமாக இருக்கும், அனுமதி இருக்கும், வாங்க ஆள் இருக்காது. ஆழ்துளைக் கிணறு வற்றிய குடியிருப்பிலும் இதே கதைதான். தண்ணீருக்கு விட்ட 15 சென்ட், மிச்சம் இருக்கிற எல்லா மனைக்கும் காப்பீடு.

இப்போது நிலவரம் என்ன? திறந்தவெளியைப் பள்ளத்துக்கு மாற்றத் தம்பி ஒப்புக்கொண்டுவிட்டார். கிழக்கே போகிற ஓடையைத் தொடுவதில்லை என்றும் சொல்லியிருக்கிறார். ரோட்டோரப் புல் வாய்க்காலை ஒரு தெருவில் மட்டும் செய்து பார்க்கலாம் என்கிறார். கல்வாழைப் பாத்தி வாங்குகிறவர்கள் விருப்பம் என்று விட்டுவிட்டார். பெரிய கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. ஒப்படைத்த பிறகு ஊரணியை யார் தூர் வாருவது? டேவிஸில் வீட்டுக்காரர்கள் சங்கம் அதற்கென்றே இருக்கிறது. இங்கேயும் மனை விற்கும்போதே சங்கம் பதிந்து, வருஷா வருஷம் ஆடிக்குள் தூர் வாருவதை அதன் விதியிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். அந்தக் காலத்துக் குடிமராமத்துதான், பேர்தான் சங்கம். அது நடக்குமா நடக்காதா என்று காத்திராமல், என் மேற்கு எல்லையில் ஒரு பண்ணைக்குட்டையும் வெட்டப்போகிறேன். அவர்கள் குளம் தவறினாலும் என் மண் கரையக்கூடாது.

உங்கள் வயலுக்கு மேலே மனை வரப்போகிறது என்று காதில் விழுந்தால் கோபப்பட்டு ஒதுங்காதீர்கள். வரைபடம் அனுமதிக்குப் போவதற்கு முன்னால் போய்ப் பேசுங்கள். எந்த இடம் தாழ்வு, எந்தப் பக்கம் ஓடை, எந்த மழைக்கு எதுவரை தண்ணீர் ஏறும் என்பது அங்கே உழுத நமக்குத்தான் தெரியும், வெளியூரிலிருந்து வருகிற பொறியாளருக்குத் தெரியாது. கொத்தனாரின் ட்யூப் லெவல் ஒன்றை எடுத்துப்போனால் அரை நாளில் பள்ளத்தைக் காட்டிவிடலாம். பேச்சு எடுபடாவிட்டால் கிராம சபையில் எழுதிக் கொடுங்கள். கேட்க வேண்டியது மூன்றே கேள்வி: பெய்கிற மழை எங்கே இறங்கும்? மிஞ்சினது எங்கே போகும்? பத்து வருஷம் கழித்து அதை யார் பார்த்துக்கொள்வார்கள்? மூன்றுக்கும் பதில் இருக்கிற இடத்தில் மேலே குடியிருப்பவரும் பிழைப்பார், கீழே உழுகிறவரும் பிழைப்பார்.