பட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மனிதர்கள்

விவிலியத்தின் இரண்டாம் இராஜாக்கள் நூலில், எருசலேமைப் பணியவைக்க அசீரிய மன்னன் சனகெரிப் மூவரை அனுப்புகிறான்: தர்த்தான், ரப்சாரீஸ், ரப்சாக்கே. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் படிப்பவருக்கு இவை மூன்று மனிதர்களின் பெயர்களாகவே தோன்றும். உண்மையில் மூன்றும் அசீரிய அரசவைப் பதவிகள். முதலாமவர் படைத்தலைவர், அடுத்தவர் அண்ணகர்களின் தலைவர், மூன்றாமவர் மன்னனுக்கு மது வார்ப்போரின் தலைவர். அவர்களின் சொந்தப் பெயர்களை அந்நூல் சொல்லவில்லை.

சோழர் கல்வெட்டுகள் இந்த வகையில் தாராளமானவை. இராசராசனின் சேனாபதி 'கிருஷ்ணன் இராமனான மும்முடிச்சோழப் பிரமமாராயன்' என்று குறிக்கப்படுகிறார். கிருஷ்ணன் தந்தை பெயர், இராமன் தன் பெயர். 'ஆன' என்ற சொல்லுக்குப் பின் வருவது பட்டம். அதிலும் 'மும்முடிச்சோழன்' என்பது மன்னனின் விருதுப்பெயரே. ஆக, அரசன் தன் பெயரையே அதிகாரிக்கு இரவல் கொடுக்கிறான். பிரமராயன் போன்ற பட்டங்கள் பிராமண அதிகாரிகளுக்கும், மூவேந்தவேளான் என்பது பெரும்பாலும் நிலவுடைமை வேளாளர்க்கும் கிடைத்தன.

பட்டம் வேறு, பணி வேறு. அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையை எழுதுபவர் திருமந்திர ஓலை. அதைச் சரிபார்த்து ஒப்பமிடுபவர் திருமந்திர ஓலைநாயகம். பிறகு புரவுவரித் திணைக்களத்தார் அதை வரிக்கணக்கில் ஏற்றுவர். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை இராசராசன் வழங்கியதைக் கூறும் செப்பேட்டில் இத்தகைய அதிகாரிகளின் நீண்ட வரிசையே உண்டு. இன்று கோப்பு மேசைமேசையாக நகர்வதைக் கண்டு சலிப்பவர்கள் அதை ஒருமுறை படிக்கலாம்.

இந்த மரபின் விசித்திரமான சான்று காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள், அவர்களின் உறவினர்கள் ஆகியோரின் நிலங்களைப் பறிமுதல் செய்வது பற்றி இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு அது. கல்கியின் நாவலில் மந்திரவாதியாக வரும் ரவிதாசன் அங்கே பஞ்சவன் பிரமாதிராசன். அவன் உடன்பிறந்தான் பரமேசுவரன் இருமுடிச்சோழப் பிரமாதிராசன். துரோகி என்று எழுதிய அதே கல்லில் பட்டத்தையும் வெட்டியிருக்கிறார்கள். கொலையாளிகள் எங்கிருந்தோ வந்தவர்கள் அல்லர், அரசாங்கத்தின் உயர்தட்டில் இருந்தவர்கள் என்பதற்கு அந்தப் பட்டங்களே சாட்சி. அவற்றை வெறும் பெயர்களாகக் கருதிக் கடந்தால் அந்தக் கொலையின் அரசியலே கண்ணில் படாது.

பட்டம் பரம்பரைச் சொத்தாகும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. சேலத்துக்கு மேற்கே, தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலைக் கட்டியது யார் என்று கேட்டால் அயோத்தியாப்பட்டணம்வரை எல்லோரும் 'கெட்டி முதலி' என்பார்கள். மதுரை நாயக்கர்களுக்குக் கீழ் இப்பகுதியை ஆண்ட ஒரு குடியே தலைமுறைகளாகச் சுமந்த பெயர் அது. முதலி என்றால் தலைவன். மும்முடிக் கெட்டி முதலி, வணங்காமுடிக் கெட்டி முதலி என்று தனித்தனி மனிதர்கள் இருந்தார்கள். கோயிலும் ஒரே ஆள் எழுப்பியதன்று. எந்தப் பகுதி யாருடைய திருப்பணி என்பதைக் கல்வெட்டுகளைக் கொண்டே பிரித்தறிய வேண்டும். அக்கல்வெட்டுகளின்மேல் சுண்ணாம்பு பூசப்படாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நம் கவலை.