ஏறிய படியில் இறங்குதல்

2025-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 8-ஆம் நாள் இரவு, எங்கள் ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறியை விண்டோஸ் 10-லிருந்து விண்டோஸ் 11-க்கு ஏற்றினேன். ஏற்றச் சொன்னவர் எவருமில்லை. திரையின் ஓரத்தில் நாள்தோறும் ஓர் அழைப்பு வந்துகொண்டிருந்தது. விருந்துக்கு அழைத்தால் போகாமலிருப்பது நம் வழக்கமா? இரண்டு நாள் கழித்துப் பொங்கலுக்காக ஊருக்குப் புறப்பட்டுவிட்டேன். 21-ஆம் நாள் தில்லிக்குத் திரும்பி, நிறமாலைமானியை இயக்க முனைந்தபோதுதான் செய்த பிழை விளங்கிற்று. அப்படியொரு கருவி தன்னோடு இணைந்திருப்பதே கணிப்பொறிக்குத் தெரியவில்லை.

பொறி புதிது, கருவியோ பதினைந்து வயதுக் கிழம். கருவிக்கும் இயங்குதளத்துக்கும் இடையே துபாஷியாக நின்று பேசும் சிறு நிரலை டிரைவர் என்பர். எங்கள் துபாஷி பழைய தளத்தோடு மட்டுமே பேசப் பழகியவன். அவனுக்குப் புதிதாகப் பாடம் சொல்லித் தருவார் இன்று எவருமிலர். பிப்ரவரி முதல் வாரத்தில் ஆய்வுக் குழுவின்முன் நான் வைக்க வேண்டிய அளவீடுகளில் பாதிகூட முடிந்திருக்கவில்லை.

“பழையதையே திரும்பப் போட்டுவிட்டால் போகிறது, அண்ணா” என்றான் எங்கள் கூடத்துத் தம்பி ஒருவன். அது அத்துணை எளிதன்று.

புதிய பதிப்பு ஏறும்போது பழையதை உடனே அழித்துவிடுவதில்லை. ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்னும் கோப்புறையில் அதனை மூட்டை கட்டி வைக்கிறது. வீடு மாறியவன் பழைய வீட்டுச் சாவியைச் சில நாள் கையில் வைத்திருப்பது போல என்று கொள்ளலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதனுள் ரிக்கவரி என்று சென்று, ‘கோ பேக்’ என்னும் பொத்தானை அழுத்தினால் பழைய தளம் மீண்டும் வந்து அமரும். நம் கோப்புகள் அப்படியே இருக்கும். ஏறிய பின்னர் நிறுவிய நிரல்களை மட்டும் மறுபடி நிறுவிக்கொள்ள வேண்டும். ஆனால் இந்தச் சாவிக்குத் தவணை 10 நாள். 2015-இல் விண்டோஸ் 10 வெளிவந்தபோது ஏறத்தாழ ஒரு திங்கள் இருந்ததை, 2016-இல் பத்து நாளாகக் குறைத்தார்கள். பல கிகாபைட் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் மூட்டை ஆதலால், தவணை கழிந்ததும் பொறியே அதை அழித்துவிடும். இடம் போதவில்லையென்று நாமே முன்னதாகத் துடைத்துவிட்டாலும் கதை அதுவே. ‘டிஸ்ம்’ என்னும் கட்டளையால் தவணையை 60 நாள் வரை நீட்டலாம்; அதையும் பத்து நாளுக்குள் செய்தாக வேண்டும். இதை நான் அறிந்தது 21-ஆம் நாள். எனக்குக் கதவு 18-ஆம் நாளே மூடிவிட்டது. அன்று நான் ஊரில் கரும்பு தின்றுகொண்டிருந்தேன்.

சரி, புதியதன்மேல் பழையதை நேரே நிறுவினால் என்ன? புதிய பதிப்பை எழுதுவோர் பழையதன் அமைப்புகளை நன்கறிவர். அவற்றைப் புது வடிவுக்கு மாற்றும் வழியையும் உடன் எழுதி வைப்பர். பழையதை எழுதியவர்களோ, பின்னால் வரப்போவதை எங்ஙனம் அறிவார்கள்? ஆகவே, நிரல்களையும் அமைப்புகளையும் அப்படியே வைத்துக்கொண்டு கீழ்ப் பதிப்புக்கு இறங்க நிறுவும் நிரல் உடன்படாது. வட்டைத் துடைத்துவிட்டு அடியிலிருந்து தொடங்குவதே எஞ்சிய வழி.

துடைப்பதற்கு முன் என் கோப்புகளையெல்லாம் வேறொரு வட்டில் படியெடுத்தேன். படியெடுத்துவிட்டோம் என்று நம்புவது வேறு, அதைத் திறந்து பார்ப்பது வேறு. நான்கைந்தை வேறு கணிப்பொறியில் திறந்தும் பார்த்தேன். துடைக்கப் போகும் நேரத்தில் அதே தம்பி கேட்டான்: “அளவுத்திருத்தக் கோப்பை எடுத்தீர்களா, அண்ணா?” எடுக்கவில்லை! அது என் ஆவணங்களோடு இல்லை. கருவியின் நிரல் நிறுவப்பட்டிருந்த கோப்புறைக்குள் ஒளிந்திருந்தது. அது போயிருந்தால் கருவி பேசும், ஆனால் சொல்வதெல்லாம் பிழையாக இருக்கும். அவனுக்கு அன்று மாலை மசால் தோசை வாங்கித் தந்தேன்.

பிறகு நடந்தவற்றை விரிக்க வேண்டுவதில்லை. 8 கிகாபைட் பென்டிரைவ் ஒன்றில், மைக்ரோசாப்ட் தரும் நிரலைக் கொண்டே விண்டோஸ் 10-ஐ ஏற்றிக்கொண்டோம். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் 48 இலக்கத் திறவெண்ணை முன்பே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். தொடக்க அமைப்பைத் தொட்டால் பொறி அதைக் கேட்கக்கூடும். மறுபடி விலை கொடுத்து வாங்க நேரவில்லை. இதே பொறியில் முன்பே முறைப்படி உரிமை பெற்றிருந்ததால், இணையத்தோடு சேர்ந்ததும் அதுவே அறிந்துகொண்டது. 24-ஆம் நாள் மாலை நிறமாலைமானி வாய் திறந்தது.

ஆயினும் பழைய வீட்டில் எந்நாளும் குடியிருக்க இயலாது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. தனியாகப் பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். திருத்தம் இடாத பொறியின் நிலை என்னாகும் என்பதை 2017 மே திங்களில் ‘வானாக்ரை’ காட்டிற்று. அது நுழைந்த ஓட்டைக்குரிய திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது, இட்டுக்கொள்ளாதவர்கள் அகப்பட்டார்கள். மூன்றாண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்ட எக்ஸ்பிக்குங்கூட அப்போது அவசரத் திருத்தம் தர நேர்ந்தது.

என் சொந்த மடிக்கணினி 11-இலேயே இருக்கிறது. ஆய்வுக்கூடத்துப் பொறியின் வலைக்கம்பியைப் பிடுங்கி, அதன் நுனியில் ‘செருகாதே’ என்று தமிழிலும் இந்தியிலும் எழுதிக் கட்டியிருக்கிறோம். அளவீடுகள் பென்டிரைவில் ஏறி, மாடிப்படி வழியே என் அறைக்கு வந்துகொண்டிருக்கின்றன.