மாதவிடாய் ஓயும் பருவமும் மாதரின் உணவும்

தறி நெய்வோர் இல்லமாயினும், நிலம் உழுவோர் இல்லமாயினும், கடைசியாக உண்பவள் பெரும்பாலும் அவ்வில்லத்தின் தலைவியே. பிறர் உண்ட பின்னர் எஞ்சிய சோறும் அடிக்குழம்பும் அவள் பங்காகின்றன. இளமையில் இவ்வழக்கத்தின் தீங்கு புலப்படுவதில்லை. நாற்பதைக் கடந்த பின்னரே அது தலைகாட்டுகின்றது. இதன் காரணத்தையும் பரிகாரத்தையும் நம் அங்கத்தினர் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடர்ந்து 12 மாதங்கள் விலக்கு வாராதிருப்பின் மாதவிடாய் ஓய்ந்துவிட்டதென வைத்தியர் கொள்வர். நம் நாட்டு மாதர்க்கு இது பெரும்பாலும் 46, 47 வயதையொட்டி நிகழ்கின்றது. மேலை நாடுகளில் 51 வயதளவில் நிகழ்கின்றது. எனினும் இது ஒரு நாளில் நேர்வதன்று. சில ஆண்டுகள் முன்பிருந்தே சினைப்பைகளில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு கூடியும் குறைந்தும் தடுமாறுகின்றது. விலக்கு நாட்கள் முன்பின்னாதல், உடலில் திடீரெனச் சூடு பரவுதல், இரவில் வியர்த்தல், உறக்கமின்மை, மனச் சோர்வு ஆகியன இதன் அறிகுறிகள். இவை இயற்கையின் மாறுதலேயன்றி நோயல்ல.

ஆயின், வெளியே தெரியாத மாறுதல்களும் சில உள. சங்கத்திற்குச் சேமநிதி எவ்வாறோ, அவ்வாறே உடலுக்கு எலும்பு சுண்ணாம்புச் சத்தின் சேமநிதி. அந்நிதியைக் காக்கும் காவலனாக இருந்தது ஈஸ்ட்ரோஜன். காவல் தளர்ந்ததும் செலவு வரவை மிஞ்சுகின்றது. அமெரிக்காவில் 1990-களின் இடையிலிருந்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட மாதரை ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்த ஆராய்ச்சியில், கடைசி விலக்குக்கு ஓராண்டு முன்பிருந்து அதன் பின் இரண்டாண்டு வரையில் எலும்புத் தேய்வு மிக விரைவாக நிகழ்தல் கண்டறியப்பட்டது. இரத்தத்தில் தீய கொழுப்பு உயர்வதும் கடைசி விலக்கையொட்டிய காலத்திலேயே என்று அறியப்பட்டது. அன்றியும் தசை குறைகின்றது. இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு வயிற்றுப்புறம் திரள்கின்றது. இன்சுலின் தன் வேலையைச் செவ்வனே செய்ய இயலாமையால் சர்க்கரை இரத்தத்தில் தேங்குகின்றது. நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேற்பட்டோர் என 2023-இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. ஆதலின் இப்பருவத்தில் உணவைக் கவனித்தல் அவசியமாகின்றது.

முதலில் புரதச் சத்தின் கணக்கைப் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 42 கிராம் புரதம் வேண்டும். அவள் உண்ணும் 300 கிராம் அரிசியில் ஏறத்தாழ 22 கிராம் கிட்டும். இரசத்திலும் நீர்த்த சாம்பாரிலும் அவள் பங்குக்கு வரும் 20 கிராம் பருப்பில் 4 அல்லது 5 கிராம். ஆக 27 கிராமே வரவு. பற்றாக்குறை 15 கிராம். இதனை ஈடு செய்தல் கடினமன்று. 50 கிராம் கொள்ளுச் சுண்டலும் ஒரு முட்டையும் போதும். முட்டை உண்ணாதோர்க்கு ஒரு பிடி வேர்க்கடலையும் இரு கிண்ணம் தயிரும் போதும். எலும்போடு உண்ணத்தக்க நெத்திலி போன்ற சிறு மீனும் நன்று.

அடுத்தது சுண்ணாம்புச் சத்து. நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமும், மாதவிடாய் ஓய்ந்த பின் 1200 மில்லிகிராமும் வேண்டும். 100 கிராம் அரிசியில் இருப்பது 10 மில்லிகிராமுக்கும் குறைவு; அதே அளவு கேழ்வரகிலோ 350 மில்லிகிராம். இக்கணக்கு புதிதன்று. நீலகிரி குன்னூரில் இயங்கிய உணவாராய்ச்சிக் கூடத்தார் 1937-இலேயே நம் நாட்டு உணவுப் பொருள்களின் சத்துகளை அளந்து அட்டவணையாக வெளியிட்டனர். 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்ட அக்கூடமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஒரு வேளைச் சோற்றுக்குப் பதிலாக 100 கிராம் கேழ்வரகும், கால் லிட்டர் பாலோ தயிரோ, ஒரு கைப்பிடி முருங்கைக் கீரையும், ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேலான தோல் நீக்கா எள்ளும் சேர்ந்தால் கணக்கு ஏறத்தாழ ஆயிரத்தை எட்டும். கேழ்வரகை நீர்த்த கூழாகக் குடிப்பதினும், களியாகவோ அடையாகவோ காய்கறியுடன் உண்ணல் சர்க்கரை விரைந்து ஏறாமைக்கு உதவும்.

சோற்றை அறவே விலக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. தட்டில் சோற்றின் பங்கைக் குறைத்துப் பருப்பு, கீரை, காய் ஆகியவற்றின் பங்கைக் கூட்டுதலே வேண்டுவது. சோர்வு நீங்கும் பொருட்டுப் பலமுறை பருகும் தேநீரில் சேரும் சர்க்கரையும் கணக்கில் வரும். உணவுடன் பருகும் தேநீர் இரும்புச் சத்து உடலில் சேர்வதையும் தடுக்கும்.

உணவு மட்டும் போதாது. களை எடுக்கும் சகோதரிக்கு வெயிலும் உழைப்பும் கிடைக்கின்றன. நாள் முழுவதும் வீட்டினுள் அமர்ந்து தார் சுற்றுபவளுக்கு இரண்டும் கிடைப்பதில்லை. அவள் நாள்தோறும் அரை மணி நேரமேனும் பகல் வெளிச்சத்தில் விரைந்து நடத்தல் வேண்டும். கைப்பிடியின்றி இருக்கையிலிருந்து பத்துமுறை எழுந்தமர்தலும், நீர்க்குடம் போன்ற சுமையைத் தாங்கக்கூடிய அளவில் தூக்குதலும் தசையைக் காக்கும்.

சில செய்திகளில் அலட்சியம் கூடாது. விலக்கு மிகுதியாகவோ பல நாட்களோ நீடித்தால், "இந்த வயதில் இப்படித்தான்" என்று விட்டுவிடலாகாது. இரத்தச் சோகை நம் மாதரில் பாதிக்கு மேற்பட்டோரிடம் உள்ளது. ஓராண்டு விலக்கு நின்ற பின் ஒரு துளி உதிரம் கண்டாலும் உடனே மருத்துவரை அணுக வேண்டும். அது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கக் கூடும். நாற்பதைக் கடந்தோர் ஆண்டுக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் கொள்ளல் நன்று. சிறுநீரக நோயுள்ளோரும் சர்க்கரைக்கு மாத்திரை உண்போரும் உணவை மாற்றுமுன் மருத்துவரைக் கேட்க. சுண்ணாம்பு மாத்திரைகளைத் தாமே வாங்கி விழுங்குதலும் தகாது.

இவற்றிற்கெல்லாம் பணம் எங்கே என்று வினவுவோர் உண்டு. மேற்கூறிய கேழ்வரகும் கொள்ளும் எள்ளும் வேர்க்கடலையும் நம் விவசாய அங்கத்தினர் நிலங்களில் விளைவனவே. அவற்றை அவர்கள் தம் வீட்டுச் சமையலுக்கும் ஒதுக்கி, எஞ்சியதை நெசவாளர் சங்கப் பண்டகசாலைகளுக்கு நேரே அளித்தால் இருசாராரும் பயன் பெறுவர். ஆனால் பண்டம் வீட்டுக்கு வந்தாலும் பங்கு மாறாவிடின் பயனில்லை. குடும்பத் தலைவர்கள் தம் தட்டில் முட்டையையும் சுண்டலையும் காணும்பொழுது, அடுக்களையில் இருப்பவளுக்கும் அது உண்டா என்று ஒருமுறை கேட்பாராக. கூட்டுறவின் முதற்பாடம் சமபங்கு. அது வீட்டு அடுப்படியிலிருந்தே தொடங்கட்டும்.