அவதூறுக்குப் பரிகாரம் சிறையன்று

ஒருவரது நற்பெயரைக் கெடுப்பது அவரது உடைமையைக் களவாடுவதிலும் கொடிது. புறங்கூறாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தது திருக்குறள். புறம்பேசுவதைப் பெரும் பாவமென விலக்குகின்றது இஸ்லாம். ஆயினும், அவதூறுச் சட்டம் எங்கிருந்து வந்தது, யாருக்குப் பயன்படுகின்றது என்பவற்றையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

போர்த்துக்கேயர் 1560இல் அமைத்த மன்னார்க் கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அவர்களுடன் இக்கரைக்கு வந்த உரோமன்-டச்சுச் சட்டத்தைப் பின்வந்த ஆங்கிலேயரும் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் தொடரவிட்டனர். நமது மானநஷ்ட வழக்குகளுக்கு இன்றும் அதுவே அடிப்படை. மானத்திற்கு நேர்ந்த இழுக்குக்குப் பணமே அங்கு ஈடு.

சிறைத் தண்டனையோ ஆங்கிலேயர் தந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி 1883இல் இங்கு ஆக்கப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை அவதூறைக் குற்றமாக்கியது. அப்போதைய ஜனாதிபதியை அவதூறு செய்தாரெனச் சண்டே டைம்ஸ் ஆசிரியர் 1997இல் குற்றவாளியாகக் காணப்பட்டதும் அதன் கீழேயே. 2002இல் பாராளுமன்றம் அப்பிரிவுகளை நீக்கியது. தலைமன்னாருக்கு எதிரேயுள்ள இராமேஸ்வரத்தில் நிலைமை வேறு. அவதூறு குற்றமாக நீடிப்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 2016இல் ஏற்றது. 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதற்கு ஈராண்டு வரை சிறை விதிக்கின்றது.

நாம் சிறையை நீக்கினோம். நீதியை எல்லோருக்கும் எட்டச் செய்தோமா? இல்லை. பொய்ப் பழிக்கு ஆளான ஒரு மீனவர் மாவட்ட நீதிமன்றத்தை நாடினால் சட்டத்தரணிக் கட்டணமும் ஆண்டுக்கணக்கான தவணைகளும் அவரை வாட்டும். செல்வாக்குள்ளவருக்கோ, பெருந்தொகை கோரும் ஒரு கடிதமே விமர்சகரின் வாயை அடைக்கப் போதும்.

இக்குறையைச் சிறையால் நிரப்ப முடியாது. அவதூறுச் சட்டத்தின் கீழ் அன்றேனும், எழுத்துக்காகச் சிறைசென்ற ஒருவர் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றார். சிலாவத்துறையைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார்; ஓராண்டுக்கு மேல் தடுப்பிலிருந்து, 2023 டிசம்பரிலேயே குற்றமற்றவரென விடுதலையானார். அவ்வாறிருக்க, பொய்க் கூற்றுகளுக்குச் சிறை விதிக்கும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024இல் நிறைவேறியது. முன்வாசலால் வெளியேற்றியதைப் பின்வாசலால் அழைத்தல் முறையோ?

குறைந்த செலவில் விரைந்த விசாரணை, பொய் வெளியான இடத்திலேயே திருத்தம், பாதிக்கப்பட்டவரின் மறுப்புக்குச் சம இடம் ஆகியனவே நியாயமான பரிகாரம். தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் மன்னாரில் வதந்திக்கு மருந்து உண்மையேயன்றிச் சிறைக்கதவு அன்று.