நகத்தளவு அச்சில் ஒரு வாழ்த்து அட்டை



கையால் செய்யும் வாழ்த்து அட்டைகள் பற்றி வானொலியில் நான் பேசியதன் பிறகு, அதை எழுத்தில் தரமுடியுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். "இப்படித் திருப்பி, அப்படிக் குத்துங்கள்" என்று ஒலிவாங்கிக்கு முன்னால் சொன்னால் யாருக்கு விளங்கும்?

முதலில் ஒரு விளக்கம். முத்திரை என்றதும் தபால் முத்திரையை ஒட்டுவதா என்று ஒரு நேயர் கேட்டார். அதுவல்ல. ஊரில் பாடசாலை அதிபரின் மேசையில் இருக்குமே றபர் சீல், அந்த வகை. மையில் ஒற்றிக் கடதாசியில் குத்துவது. ஆனால் நான் சொல்பவை சின்னவிரல் நகத்தளவு அச்சுகள்.

இங்கே பிரித்தானியாவில் கைவினைக் கடைகளில் இவை பெரும்பாலும் தொகுதியாகவே கிடைக்கும். ஒரு தாளில் பெரிய ரோசாப்பூ ஒன்று, ஆங்கில வாழ்த்து ஒன்றிரண்டு, மிச்ச இடத்தை நிரப்பக் குட்டிக் குட்டியாக இலை, சொட்டு, புள்ளி, நட்சத்திரம். வாங்குகிறவர்கள் பெரியதைப் பாவித்துவிட்டுக் குட்டிகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நான் நேர்மாறாகச் செய்யச் சொல்வேன். பெரிய அச்சு தன்னிடம் உள்ளதை மட்டும்தான் சொல்லும். ரோசா எப்போதும் ரோசாதான். குட்டி அச்சு எழுத்து மாதிரி. தனியே நின்றால் ஒன்றுமில்லை, சேர்த்தால் நாங்கள் நினைப்பதைச் சொல்லும். பொங்கலுக்கும், வீடு குடிபூரலுக்கும், சாமத்திய வீட்டுக்கும் பொருத்தமான அட்டையை இங்கத்தைய கடைத்தெருவில் தேடிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

முப்பது அச்சு தேவையில்லை. சொட்டு வடிவில் ஒன்று போதும், ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் உருண்டையாகவும். அட்டையின் மேற்பகுதியில் பேனாவால் ஒரு கோடு இழுத்து, கூர்ப்பக்கம் கீழே பார்க்கப் பச்சை மையில் வரிசையாகக் குத்துங்கள். மாவிலைத் தோரணம் வந்துவிட்டது. ஐந்து சொட்டுகளின் கூர்கள் ஒரே இடத்தில் சந்தித்தால் பூ. ஏழு அல்லது ஒன்பது சொட்டுகளை அரைவட்டத்தில் விசிறிபோல் விரித்து, கீழே ஒரு காம்பு வரைந்தால் பனையோலை. குத்துவிளக்கைப் பேனாவால் வரைந்து, அதன் மேல் செம்மஞ்சளில் ஒரே ஒரு சொட்டு, கூர் மேலே பார்க்க. அதுதான் சுடர்.

புள்ளிக்கு அச்சு வாங்கவே வேண்டாம். பென்சிலின் பின்பக்கத்தில் இருக்கும் அழிறப்பரை மையில் ஒற்றினால் அழகான வட்டப் புள்ளி விழும். எங்கள் கோலமே புள்ளியில் தொடங்குவதுதானே. கருஞ்சிவப்பு மட்டையில், ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில், 1, 3, 5, 3, 1 என்று 13 புள்ளிகள் வையுங்கள். மை காய்ந்த பிறகு வெள்ளை ஜெல் பேனாவால் புள்ளிகளைச் சுற்றி வளைத்துச் சிக்குக்கோலம் போடுங்கள். ஒன்று கவனிக்க வேண்டும். கருமையான மட்டைக்கு வெள்ளைப் பிக்மென்ற் மை வேண்டும். டை மை என்று விற்பது ஊடுதெரியும் மை, இருண்ட நிறத்தின் மேல் எடுபடாது. பிக்மென்ற் மை காயக் கூடுதல் நேரம் எடுக்கும். அவசரப்பட்டுப் பென்சில் அடையாளத்தை அழித்தால் எல்லாம் இழுபட்டுவிடும்.

வெண்டிக்காயையும் மறக்க வேண்டாம். குறுக்கே வெட்டி, ஈரத்தைக் கடதாசியால் ஒற்றி எடுத்துவிட்டுக் குத்தினால் ஐந்து இதழ் பூப்போல விழும். பிள்ளைகளுக்கு இதில்தான் கொண்டாட்டம்.

மாலைபோல் வட்டமாகக் குத்துவதற்குத் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்துப் பென்சிலால் மெல்லியதாக வட்டம் போடுங்கள். பிறகு மணிக்கூட்டில் 12, 6, 3, 9 இருக்கும் இடங்களில் முதலில் நான்கு குத்துங்கள். அதன் பின்பே இடைவெளிகளை நிரப்ப வேண்டும். ஒரு முனையிலிருந்து தொடர்ந்து சுற்றி வந்தால் கடைசியில் அரை அச்சுக்குத்தான் இடம் மிஞ்சும். கையைத் திருப்பாமல் அட்டையைத் திருப்புங்கள்.

குத்தும் முறையையும் சொல்லிவிடுகிறேன். அச்சை மைப்பெட்டியில் அழுத்தக் கூடாது. மைப்பெட்டியைக் கையில் எடுத்து அச்சின் முகத்தில் மெல்லத் தட்டுங்கள். சின்ன அச்சில் மை கூடினால் உருவம் அடைபட்டுப்போகும். ஒட்டி எடுக்கும் தெளிந்த அச்சென்றால் அட்டைக்குக் கீழே ஒரு பழைய சஞ்சிகையை வையுங்கள், முழுமையாகப் பதியும். மங்கலான நிறம் வேண்டுமானால் முதல் தடவை கழிவுக் கடதாசியில் குத்திவிட்டு, திரும்ப மை எடுக்காமல் அட்டையில் குத்துங்கள். இந்த இரண்டாவது பதிவின் மென்மை எந்த விலையுயர்ந்த மையிலும் வராது என்பது என் எண்ணம்.

எங்கள் முதியோர் ஒன்றுகூடலில் ஒரு அம்மா, "எனக்குக் கை நடுங்கும் பிள்ளை, நான் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று ஒதுங்கியே இருந்தார். வரிசையாகக் குத்தும் வேலைதான் அவருக்குக் கஷ்டம். அழுத்தமான தட்டை மூடியொன்றில் சொட்டு அச்சை ஒட்டிக் கொடுத்து, மழைபோல் விருப்பப்படி குத்தச் சொன்னேன். மழைக்கு ஒழுங்கு எதற்கு? அன்று மேசையில் இருந்த அட்டைகளில் அவருடைய மழைதான் உயிரோடு இருந்தது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. ஊரில் ஒருவர் தவறிவிட்டார் என்று செய்தி வரும். போக முடியாது. விடுமுறை இல்லை, விசா இல்லை, காசு இல்லை, ஏதோ ஒன்று இல்லை. தொலைபேசி எடுத்தால் இரண்டு பக்கமும் அழுகைதான், சொல்ல வந்ததைச் சொல்ல முடிவதில்லை. கடையில் இருக்கும் அனுதாப அட்டையிலோ யாரோ எழுதிய நான்கு ஆங்கில வரிகள். இதற்கு நான் செய்வது இதுதான். வெள்ளை மட்டை. வலது கீழ்மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு சொட்டு, இரண்டாவது பதிவாக. வேறொன்றும் வேண்டாம். தங்கத்தூள், மினுக்கம் எதுவும் கிட்டவே வரக்கூடாது. உள்ளே இரண்டு பக்கமும் வெறுமையாக விட்டுவிட்டு, அங்கே எழுதுங்கள். என்ன எழுதுவது என்று தயங்குபவர்கள் இறந்தவரைப் பற்றிய ஒரேயொரு நினைவை எழுதலாம். அவர் வைத்த குழம்பு, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலில் நின்ற விதம், இடம்பெயர்ந்த நாளில் அவர் கையில் பிடித்திருந்த பொருள். அந்தியேட்டிக்கு முன்னர் போய்ச் சேராவிட்டாலும் பரவாயில்லை. ஆட்கள் எல்லாம் கலைந்துபோன பிறகு வரும் கடிதத்தை அந்த வீட்டில் பலமுறை எடுத்து வாசிப்பார்கள்.

தமிழ் பேசும், ஆனால் எழுதத் தெரியாத பேரப்பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். பிள்ளை அச்சைக் குத்தட்டும், அப்பம்மா எழுதட்டும். கடைசியில் பிள்ளை தன் பெயரைத் தமிழில் தானே எழுத வேண்டும். 'ழ' கோணலாக விழுந்தாலும் திருத்தாதீர்கள்.

தபால் விடயம். 2006 ஓகஸ்ட் முதல் ரோயல் மெயில் நிறையை மட்டுமல்ல, அளவையும் பார்த்தே கட்டணம் எடுக்கிறது. சாதாரணக் கடிதமாகப் போக 240 மில்லிமீற்றர் நீளம், 165 மில்லிமீற்றர் அகலம், 5 மில்லிமீற்றர் தடிப்பு, 100 கிராம் நிறை என்பவற்றுக்குள் இருக்க வேண்டும். பொத்தானும் ரிபன் முடிச்சும் ஒட்டிய அட்டை 5 மில்லிமீற்றரைத் தாண்டினால் பெரிய கடிதக் கட்டணம்தான். அச்சுக் குத்தினால் தடிப்புக் கூடாது. ஏ4 மட்டையை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் நடுவில் மடித்தால் இரண்டு அட்டைகள். சி6 கடித உறை அவற்றுக்குச் சரியாக இருக்கும்.

உறையிலும் குத்த ஆசையென்றால் பின்பக்க மடிப்பில் குத்துங்கள். முன்பக்கம் முகவரிக்கு. ஊருக்கு அனுப்பும்போது முகவரியை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதுவது நல்லது. நாட்டின் பெயரைக் கடைசி வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தனியாகப் போடுங்கள்.