மலமும் மருந்தாகுமோ?

இராப்போசன வேளையில் வானொலிக்கு அருகே அமர்ந்திருக்கும் நேயர்கள் இப்பேச்சின் பொருளைச் சற்றே பொறுத்தருள்வாராக. மலத்தைக் கண்டு முகஞ்சுளிப்பது மனிதனைப் பல நோய்களினின்றும் காத்துவந்த நல்லியல்பு. ஆயினும், ஒருவரின் மலத்தை மற்றொருவரின் குடலிற் செலுத்தி உயிர்காக்க முயலும் சிகிச்சை இன்று பெரிய வைத்தியசாலைகளிலே ஆராயப்படுகின்றது. என்பு மச்சை மாற்றத்தின் பின் தோன்றும் ஒரு கொடிய நோயில் அதன் பயன் யாது என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் விடயம்.

குருதிப் புற்றுநோய் கண்ட ஒருவரின் கெட்டுப்போன என்பு மச்சையைக் கடும் மருந்துகளாலும் கதிர்வீச்சாலும் அழித்துவிட்டு, வேறொருவரின் மச்சையை நாளத்தின் வழியே செலுத்துவர். அமெரிக்க வைத்தியர் டொனால் தோமஸ் 1957 ஆம் ஆண்டில் இம்முயற்சியைத் தொடங்கினார். அதற்கென 1990 இல் நோபல் பரிசின் ஒரு பங்கைப் பெற்றார். சிறுநீரகத்தை மாற்றும்போது நோயாளியின் உடல் புதிய உறுப்பைப் பகைக்கும் என்பதைப் பலரும் அறிவர். இங்கோ நிலைமை தலைகீழானது. புதிய மச்சையுடன் வந்த வெண்குழியங்கள், தம்மை ஏற்றுக்கொண்ட உடலையே அந்நியமெனக் கருதித் தாக்குகின்றன. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை ஓட்டிய கதைதான். தோல், ஈரல், குடல் ஆகிய மூன்றும் இத்தாக்குதலுக்கு முக்கியமாக இலக்காகும். இதனை ஒட்டுத் தாக்கு நோய் எனலாம்.

குடலைப் பற்றிய வடிவமே இவற்றுட் கொடிது. குடலின் உட்சவ்வு உரிந்து, நாளொன்றுக்கு லீற்றர் கணக்கிற் கழிச்சல் போகும். குருதியும் கலந்து வரும். முதலில் ஸ்ரீரோயிட் மருந்து கொடுப்பர். அதற்கு அடங்காத நோயாளரோ மிகப் பலர். அவர்களுட் பெரும்பாலோரை இழக்க நேர்வதே நெடுங்கால அனுபவமாக இருந்தது.

குடலில் வாழும் பற்றீரியாக்களுக்கு இதில் என்ன தொடர்பு? அவற்றின் தொகை நம் உடலின் கலங்களது தொகைக்கு ஏறத்தாழச் சமமானது. தொடக்கத்தில் வைத்தியர்கள் அவற்றைப் பகைவராகவே எண்ணினர். 1974 இல் ஒல்லாந்து நாட்டு ஆய்வாளர் வான் பெக்கமும் அவர்தம் குழுவினரும், கிருமியற்ற சூழலில் வளர்ந்த சுண்டெலிகளில் இந்நோய் தணிந்திருத்தலைக் காட்டியபோது அவ்வெண்ணம் வலுப்பெற்றது. நோயாளரைத் தூய அறைகளில் தனிமைப்படுத்தி, நுண்ணுயிர்க்கொல்லிகளால் அவர்களது குடலைத் துடைத்தெடுக்க முயன்றனர். ஆனால் மனிதக் குடல் ஆய்வுகூடத்துச் சுண்டெலியின் குடலன்று; அதனை முற்றாகத் துடைப்பது எளிதன்று. பலவகை உயிர்கள் அழிந்த வெற்றிடத்தில், எண்டரோகொக்கசு போன்ற ஓரிரு வகைகள் மாத்திரம் பல்கிப் பெருகின. களையெடுக்கப் போனவர் பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டால் வயலில் எது மிஞ்சும்?

பிடுங்கப்பட்ட பயிரின் அருமை பின்னரே தெரிந்தது. நாம் உண்ணும் நார்ப்பொருளைப் புளிக்கவைத்துச் சில பற்றீரியாக்கள் பியூற்றிரிக் அமிலத்தை ஆக்குகின்றன. பெருங்குடற் சவ்வின் கலங்களுக்கு அதுவே தலையாய உணவு. வெண்குழியங்களின் மூர்க்கத்தைத் தணிப்பதற்கும் அது துணைபுரிகின்றது. நியூயோர்க், டர்ஹாம், றேகன்ஸ்பேர்க், சப்போரோ ஆகிய நான்கு நகரங்களில் 1362 நோயாளரை ஆராய்ந்து 2020 இல் வெளியிட்ட முடிவின்படி, குடல்வாழ் உயிர்களின் வகைகள் குறைந்தோரிடையே இறப்பு மிகுந்திருந்தது. வகைகள் குறைந்தமையால்தான் இறந்தனர் என்பது இதனால் நிறுவப்பட்டதாகாது. கடும் நோயாளருக்கே கடும் மருந்துகளும் மிகுதியாகக் கிடைக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இழந்த உயிர்களை மீளக் குடியேற்றினால் என்ன என்ற வினா இங்கேதான் எழுகின்றது. அவ்வழியும் முற்றிலும் புதிதன்று. 1958 இல் டென்வர் நகரில் அறுவை வைத்தியர் பென் ஐஸ்மனும் கூட்டாளிகளும் கடும் குடலழற்சி கண்ட நால்வருக்கு மலக்கரைசலைச் செலுத்தி அவர்களைக் குணமாக்கினர். குளொஸ்திரிடியம் டிபிசீல் என்ற பற்றீரியாவால் மீண்டும் மீண்டும் வரும் கழிச்சலுக்கு ஆம்ஸ்ரர்டாமில் இதே முறை கையாளப்பட்டபோது, 16 பேரில் 15 பேர் குணமடைந்தனர். இது 2013 இல் வெளிவந்த செய்தி.

ஒட்டுத் தாக்கு நோயில் இத்துணை வெற்றி கிட்டவில்லை; எனினும் நம்பிக்கை பிறந்தது. ஸ்ரீரோயிட்டால் மீளாத நால்வரை யப்பானிய வைத்தியர்கள் 2016 இல் விவரித்தனர். மூவர் முழுமையாகவும் ஒருவர் ஓரளவும் நலமடைந்தனர். 2020 இல் ஒல்லாந்திலிருந்து வந்த அறிக்கையில், 15 பேரில் 10 பேருக்கு ஒரு மாதத்துள் நோய்க்குறிகள் முற்றாக நீங்கின. மலத்தை உப்புநீரிற் கரைத்து வடிகட்டி, மூக்கின் வழியே சிறுகுடல்வரை சென்ற குழாயினாற் செலுத்தியிருந்தனர். குணமடைந்தோரின் குடலில் உயிர்வகைகள் பெருகின. பியூற்றிரிக் அமிலம் ஆக்குவனவும் அவற்றுள் அடங்கின. எனினும் நலம் எல்லோரிடத்தும் நிலைக்கவில்லை. சிறு தொகையினரைக் கொண்ட, ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனைகள் இவை என்பதையும் மறத்தலாகாது.

2019 இல் அமெரிக்காவில் ஒரு துயரம் நிகழ்ந்தது. ஒரே கொடையாளியின் மலத்தினால் ஆன கூடுகளை விழுங்கிய இருவரின் குருதியில், மருந்துகளுக்கு மசியாத ஈ கோலை பற்றீரியா பரவிற்று. அவ்விருவருள் என்பு மச்சை மாற்றம் பெற்றிருந்தவர் இறந்துபோனார். அத்தகைய பற்றீரியா உண்டா எனக் கொடையாளியின் மலத்தைச் சோதிக்கும் விதி அங்கு அப்போது நடைமுறைக்கு வந்திருந்தது; ஆனால் அதற்கு முன்னரே செய்து உறையவைத்த கூடுகளை எவரும் திரும்பச் சோதிக்கவில்லை. அச்சோதனையை அமெரிக்க மருந்து நிருவாகம் அதன்பின் கட்டாயமாக்கிற்று. நோயெதிர்ப்பு ஆற்றல் அற்ற உடலுக்குள் கோடானுகோடி உயிர்களை அனுப்புவது எத்தகைய காரியம் என்பதை உலகுக்கு உணர்த்திய இறப்பு அது.

அயலாரின் மலத்தால் வரும் இவ்வபாயத்தைத் தவிர்க்க மற்றொரு வழியும் உண்டு. நோயாளியின் மலத்தையே சிகிச்சைக்கு முன் சேகரித்து உறையவைத்து, பின்னர் அவருக்கே திருப்பிக் கொடுக்கலாம். நியூயோர்க்கில் இவ்வாறு 14 பேருக்குச் செய்து, செய்யாத 11 பேருடன் ஒப்பிட்டபோது, செய்தோரின் குடலில் பழைய குடிகள் பெரும்பாலும் மீண்டன. 2018 இல் வெளியான இவ்வாய்வு, குடலின் உயிர்வகைகள் மீள்வதையே காட்டியது. ஆயுள் நீடிப்பதை அது காட்டவில்லை. நடைமுறையில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. குருதிப் புற்றுநோயாளர் பலர் மச்சை மாற்றத்துக்கு வந்துசேரும் முன்னரே பல மாதங்கள் நுண்ணுயிர்க்கொல்லிகளை உட்கொண்டிருப்பர். சேமித்துவைக்கத்தக்க செழிப்பான குடல் அவர்களிடம் அப்போது எஞ்சியிருப்பதில்லை.