தீப்பெட்டி அரசனும் சிவகாசியும்

சென்னை மெட்ரோவின் வடகோடியில் விம்கோ நகர் என்றொரு நிலையம் இருக்கிறது. விம்கோ என்பது 1923-ல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. அதன் பின்னால் இருந்தவர் ‘தீப்பெட்டி அரசன்’ என்று உலகமே அழைத்த சுவீடன்காரர் இவார் குரூகர்.

1922-ல் வெள்ளைக்கார அரசு இறக்குமதித் தீப்பெட்டிக்கு, குரோஸுக்கு ஒன்றரை ரூபாய் வரி போட்டது. கப்பலில் சரக்கு அனுப்பிக் கட்டுப்படியாகாத குரூகர் இங்கேயே ஆலை வைத்தார். அதே வரிதான் சிவகாசிக்கும் வழிவிட்டது. கல்கத்தா சென்று தொழில் பழகிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-ல் ஊர் திரும்பித் தீப்பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள்.

குரூகரின் வித்தை எளிமையானது. பணமுடையில் இருக்கும் அரசுகளுக்குக் கடன் கொடுப்பார். பதிலுக்கு அந்நாட்டுத் தீப்பெட்டி வியாபாரத்தை ஏகபோகமாகவோ சலுகையோடோ பெறுவார். 1927-ல் பிரான்சுக்கு 7.5 கோடி டாலர், 1929-ல் ஜெர்மனிக்கு 12.5 கோடி. வளைக்க முடியாத பெரிய போட்டியாளர்களோடு சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டார். கடனுக்கான பணம் நியூயார்க் முதலீட்டாளர்களிடமிருந்து வந்தது. பழைய பங்குதாரருக்கு லாப ஈவு கொடுக்கப் புதியவர்களின் பணம் உதவியது. 1929 பங்குச் சந்தைச் சரிவுக்குப் பின், தன் பங்குகளைத் தன் நிறுவனங்களையே வாங்க வைத்து விலையைத் தாங்கிப் பிடித்தார்.

1932 மார்ச் 12 அன்று பாரிஸில் அவர் தற்கொலை செய்துகொண்டார். பிறகுதான் அவர் வைத்திருந்த இத்தாலிய அரசுப் பத்திரங்கள் போலி என்று தெரிந்தது. பங்கு விலையைச் செயற்கையாக ஆட்டிவைப்பதைத் தடுக்கும் 1934-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் பிறந்ததில் குரூகரின் வீழ்ச்சிக்கும் பங்குண்டு.

குரூகரின் பிடியிலிருந்து சிவகாசி மட்டும் எப்படித் தப்பியது? ஒரு பெரிய ஆலையை விலைக்கு வாங்கலாம். தெருத் தெருவாகக் கையால் குச்சி அடுக்குகிறவர்களை யார் வாங்குவது? பின்னாளில் சிறு உற்பத்தியாளருக்குக் கிடைத்த கலால் சலுகையும் கைகொடுத்தது.

அதே சிவகாசியில் 2021 அக்டோபரில் ஐந்து உற்பத்தியாளர் சங்கங்கள் கூடி, டிசம்பர் 1 முதல் பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டாகும் என்று அறிவித்தன. 14 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஏற்றம். குரூகர் போட்டியாளர்களோடு செய்துகொண்ட ரகசிய ஒப்பந்தங்களோடு இதை ஒரே தட்டில் வைப்பது அநியாயம். ஆனாலும் போட்டியாளர்கள் சேர்ந்து விலை நிர்ணயித்தால், அது போட்டியைக் கெடுப்பதாகவே இந்தியாவின் 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டம் முதலில் அனுமானிக்கிறது. கதவைச் சாத்திப் பேசினார்களா, பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்களா என்று அது பார்ப்பதில்லை. உற்பத்தியாளர்கள் காட்டிய கணக்கு வேறு: கிலோ 425 ரூபாயாக இருந்த சிவப்பு பாஸ்பரஸ் 810 ஆகிவிட்டது, 58 ரூபாய் மெழுகு 80 ஆகிவிட்டது.